மலையுச்சிப் புல்வெளியில் மரம் நட்டால் என்ன?

கேள்வி இதுதான்: தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த ஊரெல்லாம் மரக்கன்று நடுகிறார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலை உச்சியில் ஏக்கர் கணக்கில் புல்வெளி சும்மா கிடக்கிறது. அங்கே நட்டால் என்ன? போதாக்குறைக்கு, அங்கு நன்றாக வளர்ந்து நிற்கும் மரங்களை வனத்துறையே வெட்டுகிறதே, இது என்ன நியாயம்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மரம் நடக் கூடாது. வெட்டுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் வெட்டுகிற விதத்தில் கோட்டை விட நிறைய வாய்ப்பு இருக்கிறது. காரணங்களை விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு மேலே போனால் காடு ஒரே விரிப்பாக இருக்காது. மேட்டிலும் சரிவிலும் புல். இரண்டு மேடுகள் கூடுகிற மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்தில், அடர்ந்த குட்டைக் காடு. அந்தக் குட்டைக் காட்டைத்தான் சோலை என்கிறோம். புல்லும் சோலையும் மாறி மாறி வருகிற இந்த அமைப்பு முழுவதும் சேர்ந்துதான் அங்கத்திய இயற்கைக் காடு. சோலையை மட்டும் காடு என்று எண்ணிக்கொண்டு, மிச்சத்தைக் காலி மனை போலப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லையை ஒருமுறை கிட்ட இருந்து பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல், கண் கூசும் வெயில், நிற்க விடாத காற்று. ஓரத்துப் புதரை விலக்கிக்கொண்டு நாலு எட்டு உள்ளே வைத்தால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். மரத்தின் பட்டை என்ன நிறம் என்றே தெரியாத அளவுக்குப் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் மூடியிருக்கும். காலுக்குக் கீழே ஈரமான இலை மக்கு. கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்கும். மரங்கள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். நாவல் குடும்பத்து மரங்கள், காட்டுச் சண்பகம், லாரல் வகைகள், ஓடையோரம் மரப்பெரணி. தளிர் விடும் பருவத்தில் எதிர்ச்சரிவில் இருந்து பார்த்தால் சிவப்பும் வெளிர்பச்சையும் கலந்து தெரியும். உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மழை நின்று வாரக்கணக்கானாலும் நிற்காது.

இவ்வளவு செழிப்பான சோலை ஏன் பத்தடி தள்ளிப் புல்வெளிக்குள் பரவவில்லை? மனிதன் மரத்தை வெட்டி, தீ வைத்து, மாடு மேய்த்ததால் உண்டானதுதான் புல்வெளி என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். ஆங்கிலேய ஆட்சி அதைத் தரிசு என்றே எழுதி வைத்தது. அது தவறு என்று மண்ணே காட்டிக்கொடுத்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா என்ற இடத்தில் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் தாவர மக்கை ஆராய்ந்து, அதிலுள்ள கரிமத்தின் ஐசோடோப் விகிதத்தை (எடை வேறுபட்ட கரிம அணுக்களின் விகிதம், இது புல்லில் ஒரு மாதிரியும் மரத்தில் ஒரு மாதிரியும் இருக்கும்) வைத்து, எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று கணக்கிட்டார்கள். ரமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993ல் வெளியிட்ட அந்த ஆய்வு சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. பனியுகத்தின் உச்சத்தில், குளிரும் வறட்சியும் கூடியிருந்தபோது புல் பரந்திருந்தது. பிறகு மழை வலுத்த காலத்தில் மரம் முன்னேறியது. இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று தள்ளியும் விலகியும் வந்திருக்கின்றன. மலையில் மனிதன் கோடரி எடுப்பதற்கு வெகு காலம் முன்பே புல் அங்கே இருந்தது.

இன்று அந்த எல்லையைக் காப்பதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்து நிற்கும். புல்லுக்கு அதனால் பெரிய கேடில்லை. மேலே கருகினாலும் உயிர் வேரடியில் பத்திரமாக இருக்கிறது. சோலை மரத்தின் நாற்றுக்கோ அது சாவு. சோலையின் கூரைக்குக் கீழே அந்தக் குளிர் இறங்காது, அங்கே நாற்று பிழைக்கும். திறந்த வெளியில் பிழைக்காது. நீலகிரியில் சோலை மரக் கன்றுகளையும் வாட்டில் எனப்படும் அந்நிய சீகை மரக் கன்றுகளையும் புல்வெளியில் நட்டுப் பார்த்து 2020ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: உள்ளூர்க் கன்றுகள் குளிரில் பெரும்பாலும் மடிந்தன, சீகை தாக்குப்பிடித்தது. ரோடோடென்ட்ரான் மட்டும் விதிவிலக்கு. தடித்த பட்டையோடு, தனி மரமாகப் புல்வெளி நடுவே நின்று சிவப்பாகப் பூக்கும்.

ஆகவே அங்கே மரம் நடுவது என்றால் நடைமுறையில் அந்நிய மரம் நடுவது என்றே பொருள். வரலாற்றிலும் அதுதான் நடந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஊட்டிக் குளிருக்கு விறகு வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் சீகையும் வந்தன. யூகலிப்டஸை மலையில் கற்பூர மரம் என்பார்கள். நான் சீகை என்று எழுதுவது தலைக்குத் தேய்க்கும் சீயக்காயை அல்ல, வாட்டில் என்று சொல்லப்படும் மரத்தை. சுதந்திரத்துக்குப் பிறகு, குறிப்பாக 1950, 60களில், வேகம் பிடித்தது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையின் டானின் வேண்டும். காகிதத்துக்கும் செயற்கை இழைக்கும் கூழ் மரம் வேண்டும். மலையுச்சியில் சும்மா கிடந்த புல்வெளி அதற்குத் தோதாகத் தெரிந்தது. அன்றைய அதிகாரிகளை வில்லன்களாக்க நான் தயாரில்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ததை இங்கேயே விளைவிக்கலாம் என்பது அன்றைய நாட்டுக் கொள்கை. ஆனால் விளைவு என்ன? செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் பழநி மலைகள் தம் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதுமாகப் பார்த்தாலும் உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் அந்நிய மரங்களிடம் போய்விட்டது. சோலை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோரும் சோலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் புல் போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயம். புதிதாக நடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. ஒரு மரம் ஆண்டுதோறும் ஏராளமான விதை உதிர்க்கிறது. கெட்டியான ஓடுள்ள அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ, மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினாலோ எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்கும். அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணிலும் சேர்க்கிறது. ஏழை மண்ணுக்குப் பழகிய மலைப்புற்கள் அந்த இடத்துக்குத் திரும்புவது இதனால் இன்னும் கடினமாகிறது.

தண்ணீர் விஷயம் சமவெளியில் இருப்பவர்களுக்கும் நேரடியாகப் படும். பவானி, மோயாறு, பைக்காரா, அமராவதி எல்லாம் இந்தப் புல்வெளி-சோலைப் பகுதிகளில் இருந்து நீர் பெறுபவை. மரம் இருந்தால் மழை, மரம் இருந்தால் ஆறு என்று பள்ளியில் படித்தோம். நீலகிரியில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கிளன்மார்கனில், உதகையில் உள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், அருகருகே இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டது. இன்னொன்றில் 1972ல் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டது. இரண்டிலும் ஓடையில் வரும் நீரைத் தொடர்ந்து அளந்தார்கள். முதல் சுற்று மரங்கள் வளர்ந்து முடிவதற்குள் நட்ட பகுதியில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். வேர் நன்றாக இறங்கிவிட்ட மரம் இன்னும் அதிகம் உறிஞ்சுகிறது. நமக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் கோடையில்தான் பாதிப்பு கூடுதலாக இருந்தது. காரணம் எளிது: புல் வறண்ட மாதங்களில் காய்ந்து அடங்கிவிடும், கற்பூர மரம் வருடம் முழுக்க இலையோடு நின்று குடிக்கும்.

இனி விலங்குகள். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பது பலருக்கும் தெரியும். அது மரக்காட்டில் வாழ்வதில்லை என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதற்கு வேண்டியது இரண்டு. மேய்வதற்குத் திறந்த புல்வெளி, புலியோ சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஏறிக்கொள்ளச் செங்குத்தான பாறை. புல்வெளியில் சீகை அடர்ந்தால் மேய்ச்சலும் போகும், தூரத்தில் வருவதைப் பார்த்துச் சுதாரிக்கும் வசதியும் போகும். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே தோப்பு வந்துவிட்டால் கூட்டங்கள் தனித்தனியே அடைபட்டுப் போகும். வரையாட்டின் புகலிடங்களில் ஒன்றான நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர்தான். கேரளத்தின் எரவிகுளம் 97. இவை தவிர வால்பாறைக்கு மேலே உள்ள புல்மலை, இன்னும் தெற்கே சிதறிய சில முகடுகள் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்தது. அதன் கீழ் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2024ல் 1,031, 2025ல் 1,303 வரையாடுகள் தெரியவந்தன. எண்ணிக்கை கூடியதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் இரண்டாம் முறை எண்ணும்போது பழகிய கண்களும் அதிக இடங்களும் சேரும் என்பதால், ஓராண்டு வித்தியாசத்தை அப்படியே பெருக்கம் என்று எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். இன்னும் சில ஆண்டுகள் அதே முறையில் எண்ண வேண்டும்.

வரையாட்டுக்காவது பெயரும் திட்டமும் இருக்கிறது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பழுப்புப் பறவைக்கு அதுவும் இல்லை. உலகத்திலேயே இந்த மலைப் புல்வெளிகளில் மட்டும் வாழ்கிறது, கூடும் புல்லடியில்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் புல்வெளிச் சரிவின் செடிதான். 2018ல் பூத்தது, அடுத்து 2030. அப்போது படமெடுக்கப் போகும் கூட்டத்துக்குப் போதிய சரிவு மிஞ்சியிருக்க வேண்டும். தோடர்களின் கோயில் கூரை வேய ஈரநிலத்தில் வளரும் ஒருவகைப் புல் தேவை. அந்த ஈரநிலங்கள் வறண்டதால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சோலைக்குள்ளும் இதே கதைதான். பாலக்காட்டுக் கணவாயும் மற்ற பள்ளத்தாக்குகளும் மலையுச்சிகளைத் தனித்தனித் தீவுகளாகப் பிரித்து வைத்திருப்பதால், பல லட்சம் ஆண்டுகளில் ஒவ்வொரு தீவிலும் வெவ்வேறு இனங்கள் உருவாகியிருக்கின்றன. சோலைக்குள் தரையோரம் திரியும் சிறு பறவைகளின் மரபணுவைப் பார்த்து, 2017ல் அவற்றுக்கென்றே சோலிகோலா என்று புதிய பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) அமைத்தார்கள். ஊட்டியிலுள்ளது அழிந்தால் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து விட முடியாது, அது வேறு இனம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கணக்கில் இந்த இழப்பு வருவதில்லை? இந்திய வனஅளவைத் துறையின் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கூரை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்பது பொருட்டில்லை. சீகைத் தோப்பும் வனம், தென்னந்தோப்பும் வனம். மலைப்புல்வெளி வனம் இல்லை. அதனால் புல்வெளியைச் சீகை விழுங்கினால் அறிக்கையில் வனப்பரப்பு கூடியதாகவே வரும். தேசிய வனக்கொள்கையோ மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு மரப்போர்வை வேண்டும் என்கிறது. இலக்கைத் துரத்தும் மாவட்ட அதிகாரிக்குப் புல்வெளி ஒரு பற்றாக்குறையாகத்தானே தெரியும்? 33 சதவீதம் என்ற எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. அதை எங்கே நிரப்புகிறோம் என்பதில்தான்.

வெட்டுவது பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022ல் ஒரு கொள்கை வெளியிட்டது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் உண்ணிச்செடி, மஞ்சள் பூப்பூக்கும் சென்னா மரம், மலைமேல் சீகை எல்லாம் அதில் அடக்கம். நோக்கம் சரி. ஆனால் மலையில் எல்லாச் சீகையும் ஒன்றில்லை.

புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளஞ்சீகைகள் ஒரு வகை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, இன்னும் காய் பிடிக்காமல் நிற்பவை. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். செலவு குறைவு, பலன் உறுதி. என்னைக் கேட்டால் இருக்கிற பணத்தில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும். நடப்பது தலைகீழாக இருக்கிறது. லாரி ஏறும் அளவுக்குத் தடிமரம் உள்ள இடத்துக்கே முதலில் போகிறார்கள், மரத்துக்கு விலை உண்டு என்பதால்.

அடர்ந்து முதிர்ந்த தோப்பு இன்னொரு வகை. இங்கே ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. கொடைக்கானலில் வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் போன்ற அமைப்பினர் கவனித்துச் சொன்னது: சோலைக்கு அருகில் உள்ள பழைய சீகை, பைன் தோப்புகளுக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. பறவைகள் விதை கொண்டுவந்து போடுகின்றன, அந்நிய மரத்தின் நிழல் உறைபனியைத் தடுக்கிறது. திறந்த புல்வெளியில் பிழைக்க முடியாத கன்று அங்கே பிழைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட தோப்பை மொட்டையாக வெட்டினால் சோலைக் கன்றும் நசுங்கும், வெயில் பட்டதும் மண்ணிலிருக்கும் சீகை விதைகள் முளைத்து முன்பைவிட மோசமாகும். அதை விட்டுவிடலாம், அல்லது ஆங்காங்கே சில மரங்களை மட்டும் பட்டை உரித்து நின்ற இடத்திலேயே மெதுவாகச் சாக விடலாம். அங்கே பழைய புல்வெளி திரும்பாது, சோலை வரும். சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. புல்வெளியாக இருந்தது புல்வெளியாகவே மீள வேண்டும் என்பார்கள். கொள்கையளவில் அவர்கள் சொல்வது நியாயம். கைவசம் இருக்கும் ஆளையும் பணத்தையும் பார்த்தால் எனக்கு அது எட்டாக்கனி.

மொட்டையடித்த இடத்தில் புல் தானாக வராதா என்றால், அருகில் நல்ல புல்வெளி இருந்தால் ஓரளவு வரும். இல்லாவிட்டால் நட வேண்டும். நம்மூரில் புல் நடுவது என்றாலே சிரிப்பார்கள், ஆனாலும் அது நுணுக்கமான வேலை. நல்ல புல்வெளியில் இருந்து விதை சேகரித்து நாற்றங்காலில் வளர்த்து, மழை தொடங்கியதும் தூர்தூராக நெருக்கி நட வேண்டும். ஒரே வகைப் புல்லை நட்டால் போதாது. மேட்டுக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, நடுவில் பூஞ்செடிகள்.

அப்படியானால் மரம் நடவே கூடாதா? நடலாம், காடு முன்பு இருந்து அழிந்த இடத்தில், அந்தக் காட்டின் மரங்களை. வால்பாறை நல்ல எடுத்துக்காட்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு சிறு துண்டுகளாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. சோலைமந்தியும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளில் வாழ்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் தோட்ட நிறுவனங்களோடு பேசி, சிதைந்த துண்டுகளில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் தொடர்ந்து உள்ளூர் மரங்களை நட்டு மீட்டு வருகிறார்கள். முதலில் உண்ணிச்செடியை அகற்றுவார்கள், அதுவும் தானாக முளைத்திருக்கும் கன்றுகளை மிதிக்காமல். பிறகு மழையில் பல பத்து இனங்களைக் கலந்து நடுவார்கள். சோலைமந்திக்கு வெடிப்பலா முக்கிய உணவு என்பதால் அதுவும் இருக்கும். அப்படிச் செய்தும், இருவாச்சி முட்டையிடப் பெரிய பொந்து வேண்டும். நட்ட கன்று பொந்து விழும் அளவு முதிர இரண்டு தலைமுறை ஆகும். அதனால்தான் நின்றுகொண்டிருக்கும் ஒரு கிழட்டு மரத்தைக் காப்பது ஆயிரம் கன்று நடுவதற்கு ஈடாகாது என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன்.

உங்கள் பகுதியில் மரம் அகற்றும் திட்டம் ஏதாவது வந்தால் ஆதரிக்கலாமா எதிர்க்கலாமா என்று முடிவு செய்ய, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். வெட்டி ஏற்றுவதோடு முடிகிறதா, அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் முளைக்கும் நாற்றைப் பிடுங்கக் கூலி ஒதுக்கியிருக்கிறார்களா? குறைந்தது ஐந்து மழைக்காலத்துக்காவது அந்தக் கூலி இருந்தால் ஆதரியுங்கள். இல்லை என்றால் அந்தத் தோப்பை வெட்டாமல் விடச் சொல்லி மனு கொடுங்கள்.